ஊர் கூடி இழுக்கும் தேர்: மாநாடுகள் ஒரு நகரத்துக்கு எவ்வாறு வருகின்றன?

பன்னாட்டு மருத்துவர் மாநாடு மும்பையில் நடைபெறுகிறது, பொறியாளர் கண்காட்சி சென்னையில் தொடங்குகிறது என்று நாளிதழ்களில் செய்திகள் வருகின்றன. படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். அந்த மாநாடு ஏன் இந்த நகரத்தைத் தேடி வந்தது, யார் அதை அழைத்து வந்தார்கள், அதற்காகச் செலவான பணம் யார் யார் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்று நாம் கேட்பதில்லை. சிறு தொழில் செய்யும் வாடிக்கையாளர்கள் அவசியம் கேட்க வேண்டிய கேள்விகள் இவை.

ஆண்டாப் ஹில் கிளையின் வாடிக்கையாளர்களுக்கு இக்கேள்விகள் மிக நெருக்கமானவை. சயான் வழியாகத் தாராவியைக் கடந்தால் மித்தி ஆறு. அதன் மறுகரையில் பாந்த்ரா–குர்லா வளாகம். அங்கே 2022 இல் திறக்கப்பட்ட ஜியோ உலக மாநாட்டு மையம் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் கூடத்தக்க இடம். ஆற்றின் இக்கரையில் தோல் பை தைப்பவர்களும், மாலை கட்டுபவர்களும், சமையல் ஒப்பந்தக்காரர்களும், வாகன உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ஒரு மாநாட்டுக்குத் தேவையான பொருள்களிலும் பணிகளிலும் பெரும்பகுதி இக்கரையில் கிடைக்கும். ஆயினும் மறுகரையில் நடப்பது இக்கரைக்கு வருமானமாக மாறுவது தானாக நிகழ்வதில்லை. அது எவ்வாறு நிகழ்கிறது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அழியும் சரக்கு

வணிகவியலில் அழியும் சரக்கு என்றால் காய்கறி, பால், பூ ஆகியவற்றையே நினைக்கிறோம். விடுதி அறையும் அத்தகைய சரக்குதான். இன்று இரவு விற்காமல் போன அறையை நாளை சேர்த்து விற்க முடியாது. காலியாகப் பறந்த விமான இருக்கையும், பூட்டிக் கிடந்த அரங்கமும் அப்படியே. ஆனால் அவற்றின் வாடகை, சம்பளம், கடன் தவணை ஆகியவை ஒரு நாளும் நிற்பதில்லை.

உல்லாசப் பயணிகள் விடுமுறைக் காலத்தில் வருவார்கள். மழைக்காலத்தில் மும்பைப் பக்கம் அதிகம் வரமாட்டார்கள். மாநாட்டுப் பேராளர்களின் வருகை அப்படிப்பட்டதன்று. அவர்கள் திங்கள், செவ்வாய்க்கிழமைகளிலும் வருவார்கள். வெளியே மழை பெய்தாலும் உள்ளே கூட்டம் நடக்கும். தேதி முன்கூட்டியே தெரியும், தலைக்கணக்கும் தெரியும். பயணச் செலவைப் பெரும்பாலும் அவர்களுடைய நிறுவனமோ சங்கமோ ஏற்பதால் செலவிடுவதிலும் தாராளம் இருக்கும். இக்காரணங்களால்தான் கூட்டங்கள், ஊக்கப் பயணங்கள், மாநாடுகள், கண்காட்சிகள் ஆகிய நான்கையும் சேர்த்து ‘மைஸ்’ என்னும் தனித்துறையாக உலகெங்கும் வளர்த்து வருகிறார்கள்.

பணியகம் ஏன் தேவைப்பட்டது?

ஒரு விடுதி தன் அறைகளை விளம்பரம் செய்யலாம்; நகரத்தை விளம்பரம் செய்ய முன்வராது. ஏனெனில் செலவு அதனுடையது, பலன் பக்கத்து விடுதிக்கும் போகும். எல்லோருக்கும் பயன் தரும் வேலையை ஒருவர் மட்டும் செய்யமாட்டார். ஆகவே எவரும் செய்யமாட்டார். இந்தச் சிக்கலுக்கு விடையாகப் பிறந்ததே மாநாட்டுப் பணியகம். ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்றால் முதலில் ஊரைக் கூட்ட ஒருவர் வேண்டும் அல்லவா?

1896 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் மில்டன் கார்மைக்கேல் என்னும் பத்திரிகையாளர், மாநாடுகளைத் தம் நகரத்துக்கு வரவழைக்க வணிகர்கள் ஒன்றுசேர வேண்டும் என்று எழுதினார். அவ்வாண்டே அந்நகர வணிகர்கள் அதற்கென ஓர் அமைப்பை உருவாக்கினார்கள். பிற நகரங்களும் பின்பற்றின. 1914 இல் இத்தகைய பணியகங்களுக்கு ஒரு கூட்டமைப்பே ஏற்பட்டது. இன்று உலகின் பெருநகரங்கள் பலவற்றிலும் இத்தகைய அமைப்பு உண்டு. அரசின் மானியம், உறுப்பினர் கட்டணம், சில நாடுகளில் விடுதி அறை வாடகை மீதான சிறு வரி ஆகிய மூன்றும் இவற்றின் வருவாய்.

தமிழர்களுக்கு நன்கு அறிமுகமான ஓர் எடுத்துக்காட்டையும் காணலாம். 1964 இல் புதுதில்லியில் கீழ்த்திசை அறிஞர்களின் பன்னாட்டு மாநாடு நடந்தபோது, அங்கு வந்திருந்த தமிழறிஞர்கள் உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தைத் தோற்றுவித்தார்கள். அம்மன்றத்தின் மாநாடுகள் 1966 இல் கோலாலம்பூர், 1968 இல் சென்னை, 1970 இல் பாரிஸ், 1974 இல் யாழ்ப்பாணம், 1981 இல் மதுரை என்று நகரம் நகரமாகச் சென்றன. சங்க மாநாடுகளின் இயல்பே இதுதான். ஓர் ஆண்டு ஓர் ஊர், அடுத்த முறை வேறோர் ஊர். எனவே ஒவ்வொரு முறையும் ‘அடுத்து எந்த ஊர்?’ என்னும் கேள்வி எழுகிறது. அக்கேள்விக்கு விடையாகத் தன் ஊரின் பெயரை முன்வைப்பதே பணியகத்தின் தொழில். மாநாடு போன பிறகும் பயன் நிற்கும் என்பதற்கும் இதிலேயே சான்று உண்டு. சென்னைக் கடற்கரையில் தமிழறிஞர்களுக்கு வரிசையாகச் சிலைகள் எழுந்தது 1968 மாநாட்டை ஒட்டித்தான்.

பணியகம் செய்யும் ஐந்து பணிகள்

முதலாவது, பெயர் நாட்டுதல். ஊரின் சிறப்புகளைத் திரட்டி ஒரே அடையாளமாக்கி உலகச் சந்தையில் வைப்பது. பெர்லினில் 1966 முதல் நடைபெற்று வரும் ஐ.டி.பி. பயணச் சந்தை போன்ற இடங்களில் அரங்கு அமைத்துப் பயண முகவர்களைச் சந்திக்கிறார்கள்.

இரண்டாவது, அழைப்பு ஆவணம். இத்தொழிலில் இதைப் ‘பிட்’ என்பார்கள். எத்தனை இருக்கைகள், நடந்து செல்லும் தொலைவில் எத்தனை அறைகள், எந்தெந்த நாடுகளிலிருந்து நேரடி விமானம், மாநாட்டு விசா கிடைக்கும் முறை, அரங்க வாடகை, அரசின் ஆதரவுக் கடிதம் ஆகிய அனைத்தும் அதில் இருக்கும். நாம் கடன் கேட்டு வங்கிக்குத் தரும் திட்ட அறிக்கையைப் போன்றதே அது. வங்கி பார்ப்பதைப் போலவே மாநாட்டு அமைப்பும் மூன்றைப் பார்க்கிறது: சொன்னதைச் செய்யும் திறன், கடந்த கால நடத்தை, இடர் வந்தால் மாற்று ஏற்பாடு.

மூன்றாவது, நேரில் காட்டுதல். முடிவெடுப்பவர்களை அழைத்து வந்து அரங்கத்தையும் விடுதிகளையும் காட்டுவது. விமான நிலையத்திலிருந்து அரங்கம் சேர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை அவர்கள் கடிகாரத்தைப் பார்த்தே கணிப்பார்கள்.

நான்காவது, இணைத்தல். காவல் துறை, மாநகராட்சி, தீயணைப்பு, சுங்கம் என்று பல அலுவலகங்களின் அனுமதிகளை ஒருமுகப்படுத்துவதும், உள்ளூரில் தகுதியான வழங்குநர்களின் பட்டியலைத் தருவதும் இதில் அடங்கும். வாடிக்கையாளர்கள் நினைவில் கொள்ள வேண்டிய இடம் இதுவே.

ஐந்தாவது, கணக்கிடுதல். எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை இரவுகள் தங்கினார்கள், எதற்குச் செலவிட்டார்கள் என்று தொகுப்பது. அடுத்த அழைப்பு ஆவணத்துக்கு இதுவே முதல் பக்கம்.

நம் நாட்டில்

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஆதரவில் 1988 இல் இந்திய மாநாட்டு மேம்பாட்டுப் பணியகம் தொடங்கப்பட்டது. விடுதிகள், பயண முகவர்கள், மாநாட்டு ஒருங்கிணைப்பாளர்கள் போன்றோர் அதன் உறுப்பினர்கள். நகர அளவில் ஹைதராபாத் முன்னோடி. அங்கு 2006 இல் திறக்கப்பட்ட பன்னாட்டு மாநாட்டு மையத்தில் அவ்வாண்டே ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆண்டுக் கூட்டம் நடந்தது. 2012 இல் உயிரினப் பன்மைக்கான ஐ.நா. மாநாடு அந்நகரத்துக்கு வந்தது. நகரத்துக்கென்றே ஒரு மாநாட்டுப் பணியகமும் அங்கு இயங்கி வருகிறது.

மகாராட்டிரத்தில் 1975 இல் அமைந்த சுற்றுலா வளர்ச்சிக் கழகமான எம்.டி.டி.சி., தங்கும் விடுதிகளை நடத்துவதோடு 2004 இல் ‘டெக்கான் ஒடிசி’ என்னும் சொகுசு ரயிலையும் இந்திய ரயில்வேயுடன் சேர்ந்து தொடங்கியது. காட்டுவதற்கு நம் நகரத்தில் பொருள் உண்டு. எலிபெண்டா குகைகள் 1987 இலும், சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் முனையம் 2004 இலும், தென் மும்பையின் விக்டோரிய, ஆர்ட் டெக்கோ கட்டடத் தொகுதி 2018 இலும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. தமிழ்நாட்டில் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் 1971 முதல் இயங்குகிறது. ‘ஓட்டல் தமிழ்நாடு’ விடுதிகளும், சென்னைத் தீவுத்திடலின் பொருட்காட்சியும் அதன் வழியே நம் குடும்பங்களுக்குப் பழக்கமானவை.

இரு நிகழ்வுகளை ஒப்பிட்டால் இத்துறையின் இயல்பு தெளிவாகும். பன்னாட்டு ஒலிம்பிக் குழுவின் 141 ஆவது அமர்வுக்கு மும்பை தேர்வானது 2022 பிப்ரவரியில். 2023 மே–ஜூன் மாதங்களில் நடக்கவிருந்த அமர்வு, இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் நிர்வாகச் சிக்கல்கள் காரணமாகத் தள்ளிப்போய், அக்டோபரில் பாந்த்ரா–குர்லா வளாகத்தில் நடந்தது. 1983 இல் புதுதில்லியில் நடந்ததற்குப் பிறகு 40 ஆண்டுகள் கழித்து அவ்வமர்வு இந்தியாவுக்கு வந்தது.

மற்றொன்று 44 ஆவது சதுரங்க ஒலிம்பியாட். ரஷ்யாவில் நடக்கவிருந்த போட்டி, உக்ரைன் போரை அடுத்து அங்கிருந்து அகற்றப்பட்டது. அகில இந்திய சதுரங்கக் கூட்டமைப்பும் தமிழ்நாடு அரசும் உடனே முன்வந்தன. 2022 மார்ச்சில் சென்னை தேர்வானது. ஜூலை 28 அன்று தொடக்க விழா. ஐந்து மாதம்கூட இல்லாத அவகாசத்தில் 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகளை மாமல்லபுரம் வரவேற்றது. வேட்டி கட்டிய ‘தம்பி’ என்னும் குதிரைச் சின்னமும், சதுரங்கக் கட்டங்களாக மாறிய நேப்பியர் பாலமும் உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தன.

முதல் நிகழ்வு தேதி மாறும் என்பதைக் கற்பிக்கிறது. இரண்டாவது, வாய்ப்பு சொல்லாமல் வரும் என்பதைக் கற்பிக்கிறது. இரண்டுக்கும் பொதுவான பாடம் ஒன்று உண்டு. ஆணை வந்த பிறகு ஆயத்தமாக நேரம் இருக்காது. ஆயத்தமாக இருப்பவருக்கே ஆணை வரும்.

பணம் பாயும் வழி

ஒரு மாநாட்டின் பணம் பெரும்பாலும் நேராகச் சிறு வணிகரிடம் வருவதில்லை. சங்கம் ஒருங்கிணைப்பு நிறுவனத்துக்குத் தருகிறது. அந்நிறுவனம் அரங்கம், விடுதி, உணவு, போக்குவரத்து, அலங்காரம், அச்சு, நினைவுப் பொருள் என்று பிரித்துத் தருகிறது. அவர்கள் மேலும் சிறியவர்களுக்குத் தருகிறார்கள். ஒவ்வொரு படியிலும் ஒரு பங்கு தங்கிவிடுகிறது. அதனுடன் தாமதமும் கூடுகிறது.

மாநாட்டுப் பையைத் தாராவியில் தைத்தவர் நான்காம் படியில் நின்றால் கூலிதான் கிடைக்கும்; இரண்டாம் படிக்கு ஏறினால் இலாபமும் கிடைக்கும். மாட்டுங்காவின் மாலைகளுக்கும் சிற்றுண்டிக்கும் மும்பை முழுதும் பெயர் உண்டு; சண்முகானந்தா அரங்கின் கச்சேரிகளும் சபா விழாக்களும் இப்பகுதித் தொழிலாளர்களுக்குப் பெரிய கூட்டங்களைக் கையாளும் பழக்கத்தைத் தந்திருக்கின்றன. திறமையில் குறைவில்லை. குறைவது காகிதத்தில்தான். ஒருங்கிணைப்பு நிறுவனத்தின் கணக்காளர் முதலில் கேட்பது, ‘பில் தருவீர்களா?’ என்பதே. கையில் எழுதிய துண்டுச் சீட்டை வைத்துக்கொண்டு அவர் தம் தணிக்கையைக் கடக்க முடியாது. எனவே பில் தரக்கூடிய இடைத்தரகரிடம் ஆணை போகிறது. தைத்தவர் பழைய படியிலேயே நிற்கிறார்.

ஒரு கணக்கு

விளக்கத்துக்காக ஓர் எடுத்துக்காட்டு. 1,000 பேராளர்களுக்குப் பை ஒன்று 450 ரூபாய் வீதம் ஆணை கிடைப்பதாகக் கொள்வோம். வரி நீங்கலாக மதிப்பு 4,50,000 ரூபாய். ஒரு பையின் அடக்கவிலை 340 ரூபாய் எனில் மொத்தச் செலவு 3,40,000. இலாபம் 1,10,000. முன்பணம் 30 விழுக்காடு, அதாவது 1,35,000. மீதி 2,05,000 ரூபாயை வங்கிக் கடனாகப் பெற வேண்டும்.

தைக்க 20 நாட்கள், பணம் வர 45 நாட்கள் என்றால் மொத்தம் 65 நாட்கள். ஆண்டுக்கு 11 விழுக்காடு வட்டியில் இச்செலவு ஏறத்தாழ 4,000 ரூபாய். 1,10,000 ரூபாய் இலாபத்தில் இது பெரிய தொகையன்று. பணம் வர 150 நாட்கள் ஆனால் மொத்தம் 170 நாட்கள். வட்டி ஏறத்தாழ 10,500 ரூபாய். அப்போதும் இலாபம் இருக்கிறதே என்று தோன்றும்.

உண்மையான இழப்பு வட்டியில் இல்லை. 65 நாட்களில் ஒரு சுற்று முடிந்தால் 170 நாட்களில் அதே பணம் இரண்டு சுற்றுகளை முடித்து மூன்றாவதில் இருக்கும். பணம் முடங்கியதால் அந்த இரண்டாம் ஆணையை ஏற்க முடியாமல் போகிறது. போனது 6,500 ரூபாய் கூடுதல் வட்டி அன்று. இன்னொரு 1,10,000 ரூபாய். சிறு தொழில்கள் பெரும்பாலும் ஆணை இல்லாமல் நலிவதில்லை. வர வேண்டிய பணம் வராமலே நலிகின்றன.

வாடிக்கையாளர்கள் செய்ய வேண்டியவை

ஒன்று: உத்யம் பதிவு. 2020 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இப்பதிவு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பொருள் வழங்குவதற்கு முன்பே பதிவு செய்திருக்க வேண்டும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம், 2006 இன்படி, குறு, சிறு தொழில்முனைவோருக்கு எழுத்து ஒப்பந்தம் இருப்பினும் 45 நாட்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். ஒப்பந்தமே இல்லையெனில் 15 நாட்களுக்குள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி கேட்கும் உரிமை உண்டு. பொருள் உற்பத்தி செய்வோருக்கும் சேவை வழங்குவோருக்குமே இப்பாதுகாப்பு. வெறுமனே வாங்கி விற்பவருக்கு இது பொருந்தாது.

இரண்டு: ஜி.எஸ்.டி. பொதுவாக ஆண்டு விற்றுமுதல் சரக்குக்கு 40 இலட்சம், சேவைக்கு 20 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் பதிவு கட்டாயம். அதற்குக் கீழ் இருப்பவர்களும் விரும்பிப் பதிவு செய்யலாம். பெரிய நிறுவனங்களுக்கு வழங்க எண்ணுவோர் தம் கணக்காளரிடம் கலந்து முடிவெடுப்பது நன்று. உணவுத் தொழில் செய்வோருக்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு அல்லது உரிமம் தேவை.

மூன்று: தொழிலுக்கெனத் தனி நடப்புக் கணக்கு. குடும்பச் செலவும் தொழில் வரவும் ஒரே கணக்கில் கலந்திருந்தால், கடன் மதிப்பீட்டின்போது உங்கள் உண்மையான விற்றுமுதல் எங்களுக்கே தெரியாமல் போகிறது. ஓராண்டுத் தெளிவான கணக்கு பல பரிந்துரைகளைவிட வலிமையானது.

நான்கு: தகுந்த கடன். முத்ரா திட்டத்தில் 10 இலட்சம் ரூபாய் வரையிலும், முன்னர் ‘தருண்’ பிரிவில் கடன் பெற்று ஒழுங்காகச் செலுத்தியவர்களுக்கு 20 இலட்சம் வரையிலும் கடன் கிடைக்கும். தையல், குயவு, காலணி, மாலை கட்டுதல் உள்ளிட்ட 18 கைத்தொழில்களுக்குப் பி.எம். விஸ்வகர்மா திட்டம் உண்டு. முதலில் 1 இலட்சம், பின்னர் 2 இலட்சம் ரூபாய், 5 விழுக்காடு வட்டியில். 2023 செப்டம்பர் 17 அன்று தில்லியில் ‘யசோபூமி’ மாநாட்டு மையம் திறக்கப்பட்ட அதே நாளில், அதே வளாகத்தில்தான் இத்திட்டமும் தொடங்கப்பட்டது.

ஐந்து: ட்ரெட்ஸ். ஆண்டு விற்றுமுதல் 250 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட நிறுவனங்கள் இந்த இணையத் தளத்தில் சேர வேண்டும் என்று மத்திய அரசு 2024 நவம்பரில் அறிவித்தது. அத்தகைய நிறுவனம் ஏற்றுக்கொண்ட உங்கள் பில்லைத் தளத்தில் வைத்து, கழிவு போக மீதிப் பணத்தை உரிய தேதிக்கு முன்பே பெறலாம்.

ஆறு: எழுத்து ஆணை இல்லாமல் கடன் வாங்காதீர்கள். மாநாடு வரப்போகிறது என்ற செய்தியை நம்பிப் புதிய வாகனமோ இயந்திரமோ வாங்கினால், தேதி தள்ளிப்போகும்போது தவணை மட்டும் தள்ளிப்போகாது. மாநாடு ஒன்றுமே இல்லாத ஆண்டிலும் அந்த இயந்திரம் தன் தவணையைத் தானே ஈட்டுமா என்று கணக்கிட்டுப் பார்த்து வாங்குங்கள். ரத்து செய்தால் முன்பணம் என்னாகும் என்பதையும் ஆணையிலேயே எழுதிப் பெறுங்கள்.

நிறைவாக

தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களே நம் கண்ணில் படுகிறார்கள். சக்கரத்துக்கு முட்டுக்கட்டை போட்டுத் தேரைத் திருப்புகிறவர்களையும், அச்சுக்கு எண்ணெய் இடுகிறவர்களையும் யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் இல்லையெனில் தேர் தெருமுனையைத் தாண்டாது. ஒரு நகரத்தின் மாநாட்டுத் தொழிலும் அத்தகையதே. பணியகம் வழிகாட்டும், அரசு அனுமதி தரும், பெருநிறுவனம் அரங்கம் கட்டும். ஆனால் ஆயிரம் பேர் அமர்ந்து உண்டு, உடுத்தி, ஏறி இறங்கி, நினைவுப் பொருளோடு திரும்புவது சிறு தொழிலாளர்களின் கைகளால்தான்.

அக்கைகளின் உழைப்புக்கு உரிய விலை கிடைக்க வேண்டுமானால், அவர்களுடைய பெயர் வழங்குநர் பட்டியலில் இருக்க வேண்டும். அதற்கான முதல் படி மாநாட்டு அரங்கின் வாசலில் இல்லை. உங்கள் பதிவுச் சான்றிதழிலும், பில் புத்தகத்திலும், நடப்புக் கணக்கிலும் இருக்கிறது. இவற்றில் எது தங்களிடம் இல்லையோ, அதைப் பற்றி அருகிலுள்ள நம் கிளையில் இந்த மாதமே கேளுங்கள். அடுத்த மாநாட்டின் தேதி இன்னும் அறிவிக்கப்படாமல் இருக்கும் இந்த வேளையே ஆயத்தமாவதற்கு ஏற்றது.